நெல்லைப் பண்பாட்டை ஆனர்ஸ் பாடமாக முன்மொழிய விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரி ஆசிரியர்கள், இவ்வட்டாரப் பண்பாட்டை மையமாகக் கொண்ட ஓர் ஆனர்ஸ் பாடத்தைத் தம் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ கொண்டுவர நினைக்கும்போது கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் மேசையின் இரு பக்கமும் அமர்ந்த ஒருவர் எழுதியது என்பதால், விதிகளோடு சொந்த அபிப்பிராயங்களும் இடையிடையே வரும்.

ஆனர்ஸ் பாடம் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தையா?

இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்திருக்கிறார்கள். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வுத் திட்டத்தோடு ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ பெறலாம் என்பதும் அதில் உண்டு. தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் நம் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கமாக இருக்கிறது. ஆகவே இங்கே நாம் பேசுவது ஒரு பருவத்துக்குரிய தனிப்பாடத்தைப் பற்றியே. எந்தத் துறை மாணவராயினும் நன்றாகப் படிப்பவர் கூடுதல் கிரெடிட்டுக்காக விரும்பி எடுக்கும் சிறு வகுப்பு அது. விரிவுரை குறைவாகவும் விவாதமும் களப்பணியும் மிகுதியாகவும் இருக்கும். முடிவில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வறிக்கை தருவார்கள். நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த காலத்து பி.ஏ. ஆனர்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு மூத்த பேராசிரியர் யாரேனும் கேட்டால், அது வேறு இது வேறு என்று பணிவாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முன்மொழிவு யார் யாரைத் தாண்டிப் போக வேண்டும்?

கல்லூரியின் வகையைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரியில் துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்ற வரிசையில் போகும். இவற்றில் பாடத்திட்டக் குழுதான் உண்மையான வாசற்படி. அதில் துறை ஆசிரியர்களோடு வெளிப் பல்கலைக்கழக வல்லுநர் இருவர், துணைவேந்தரின் நியமனர் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். வெளியிலிருந்து வரும் வல்லுநருக்கு நாட்டார் வழக்காறு பரிச்சயமில்லாத துறையாக இருந்தால் கூட்டத்துக்கு முன்பே முன்மொழிவை அவருக்கு அனுப்பி வையுங்கள். மேசையில் முதன்முதலாகப் பார்க்கும் தாளை யாரும் தயங்காமல் ஏற்பதில்லை.

1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத் துறைகளில், பாடத்திட்டக் குழுவுக்குப் பின் எஸ்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி நிலைக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்குத் தனியாகக் கிரெடிட் பாடம் வகுக்கும் உரிமை இல்லை. அவர்கள் முதலில் 30 மணிநேரச் சான்றிதழ்ப் பாடமாகத் தொடங்கலாம். நாக் எனப்படும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் மதிப்புக் கூட்டுப் பாடமாக அது கணக்கில் வரும் என்பதால் முதல்வர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

எந்தத் தலைப்பை எடுப்பது? ‘நெல்லைப் பண்பாடு’ என்று பொதுவாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நிறைவேறாது, நிறைவேறினாலும் நிலைக்காது. முதல் அலகு ஆதிச்சநல்லூர், இரண்டாம் அலகு நெல்லையப்பர் கோயில், மூன்றாம் அலகு நாட்டார் கலைகள், நான்காம் அலகு உணவும் கைவினையும், ஐந்தாம் அலகு சமயங்கள் என்று கல்யாணப் பந்தியின் இலையைப் போல எல்லாவற்றையும் ஒரு கரண்டி பரிமாறிய பாடத்திட்டங்களை நிறையப் பார்த்தாயிற்று. அவற்றைப் படிக்கும் மாணவர், தாம் பிறந்த ஊரைப் பற்றிச் சுற்றுலாக் கையேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. குழுவில் இருப்பவரும் “இதில் ஆனர்ஸ் எங்கே இருக்கிறது?” என்றுதான் கேட்பார்; அந்தக் கேள்வி நியாயமானது.

தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியை எடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை நூலகத்தில் மட்டும் கிடைக்கக் கூடாது, ஊரில் மட்டும் கிடைக்கவும் கூடாது. ஒரு பருவம் முழுவதும் மாணவர்கள் அதைச் சுற்றியே வரவேண்டும். இதைத் தவிர வேறெந்த ஆலோசனையையும் நீங்கள் மறந்துவிட்டாலும் குறையில்லை.

அப்படிப்பட்ட கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

“அநியாயமாகக் கொல்லப்பட்டவர் எப்படித் தெய்வமாகிறார்?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நெல்லைச் சீமையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தனிச் சன்னிதி உண்டு. அங்கே பக்தர்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்; கட்டிய செருப்புகள் பின்னொரு நாள் பார்க்கும்போது தேய்ந்திருக்கும், பட்டவராயன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறான் என்று சொல்வார்கள். அந்தச் செருப்புக்குப் பின்னே உள்ளது, பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதை. அந்தணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரியரான பொம்மக்கா, திம்மக்காவை மணக்க விரும்புகிறான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை விதித்த நிபந்தனைப்படி பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மணமுடித்த கையோடு மாட்டுக் கிடையைக் காக்கப் போய்த் திருடர்களால் கொல்லப்படுகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதைப்பாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. அந்தச் சகோதரியர் பிறப்பால் அந்தணப் பெண்களே, காட்டில் கிடந்த குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு வடிவம் சொல்கிறது. நாங்குநேரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவை நடத்திய நா. வானமாமலை இந்த மாற்றத்தை நெடுநாளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். இதை யார், எதற்காக, யாருடைய முன்னிலையில் பாடும்போது மாற்றினார்கள்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் வைத்தால் இலக்கியம் படிப்பவர் பாடவேறுபாட்டையும், வரலாறு படிப்பவர் காலத்தையும், சமூகவியல் படிப்பவர் சாதியையும், சட்டம் படிக்கப் போகிறவர் நீதியையும் கையிலெடுப்பார்கள். பல துறை மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

அடுத்த வாரங்களில் சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை என்று விரித்து, கொடை எனப்படும் ஊர்த் தெய்வ விழாவில் இவை எப்படி நிகழ்த்தப்படுகின்றன என்பதற்கு வரலாம்.

வேறு கேள்விகள்?

நிறைய உண்டு. குலசேகரன்பட்டினம் தசராவில் விரதமிருந்து காளியாகவும் குறவராகவும் போலீசாகவும் வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை பிரிப்பவர், அந்த வேடத்தால் எந்த உரிமையைப் பெறுகிறார்? பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையை நீரில் ஊறவைத்துக் கீறி மெல்லிழையாக்கும் முஸ்லிம் பெண்களுக்கு என்ன கிடைத்தது? ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியதிலிருந்து 2023-இல் அகழாய்விடத்திலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது வரை, கிடைத்த பொருள்கள் யாருடையவை? கடைசிக் கேள்வி தொல்லியல் மாணவருக்கு மட்டுமன்றி நிர்வாகவியல் மாணவருக்கும் பிடிக்கும்.

எத்தனை கிரெடிட், எத்தனை மணிநேரம்?

நான்கு கிரெடிட் போதும். மானியக் குழுவின் கணக்கில் 15 வாரப் பருவத்தில் ஒரு கிரெடிட் விரிவுரைக்கு 15 மணிநேரம், ஒரு கிரெடிட் களப்பணிக்கு 30 மணிநேரம். ஆகவே மூன்று கிரெடிட் வகுப்புக்கு 45 மணியும், ஒரு கிரெடிட் களப்பணிக்கு 30 மணியும் என்று எழுதினால் விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை, கிரெடிட் ஆகியவற்றைக் காட்டும் எல்–டி–பி–சி கட்டத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பாடத்தின் விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்திக் காட்டும் சி.ஓ., பி.ஓ. மேப்பிங் அட்டவணை அவசியமா? பண்பாட்டுப் பாடத்துக்குக் கே–1, கே–2 என்று அறிதிறன் படிநிலைகளையெல்லாம் போடுவது அபத்தமாக இல்லையா?

அபத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் போட்டுவிடுங்கள். அந்த அட்டவணை இல்லை என்ற காரணத்துக்காகவே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படும் முன்மொழிவுகள் உண்டு.

வில்லுப்பாட்டுக் கலைஞரையோ கணியான் கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவியையோ வகுப்பெடுக்க வைக்கலாமா? அவர்களுக்குப் பட்டம் இல்லையே?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை மானியக் குழுவே 2023-இல் வெளியிட்டிருக்கிறது; அதை முன்மொழிவில் ஒரு வரியில் குறிப்பிட்டால் பட்டம் பற்றிய ஆட்சேபம் அடங்கிவிடும்.

மதிப்பூதியம் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, பேருந்துச் செலவை உறையில் வைத்து அனுப்புவது நம் கல்லூரிகளில் நெடுங்கால வழக்கம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்று மானியக் குழு 2019-இல் வகுத்தது. கலைஞருக்கும் அதே தொகையை, அதே பெயரில், செலவுப் பட்டியலில் எழுதுங்கள். கணியான் கூத்தில் அண்ணாவி தனியாக வருவதில்லை. மகுடம் என்னும் தோற்கருவியை அடிப்பவர் இருவர், பெண்வேடமிட்டு ஆடுபவர் இருவர், பின்பாட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்ததுதான் கூத்து. ஒருவருக்கு மட்டும் தொகை எழுதிவிட்டு முழுக் குழுவையும் எதிர்பார்ப்பது முறையன்று.

மாணவர்களைக் கொடைக்கு அழைத்துச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அனுமதி. கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடமும், பூசாரியிடமும், சாமியாடியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வரிதாரர் சம்மதித்தால் சாமியாடியும் சம்மதித்ததாக ஆகாது. நிழற்படம் எடுக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், ஆனால் யூடியூபில் ஏற்றக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின் ஒரு படி ஊருக்குத் திரும்பப் போக வேண்டும்.

அடுத்து, எதைப் பார்ப்பது என்ற பயிற்சி. பயிற்சியில்லாத மாணவர் சாமியாட்டத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு திரும்புவார். கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்ற வரிசை முழுவதையும் அறிந்தவர் வேறு இடங்களில் நின்று பார்ப்பார். கணியான் கூத்துக்காரர்கள் நிகழ்ச்சிக்கு முன் ஓரமாகத் தீ மூட்டி மகுடங்களைக் காய்ச்சுவதை அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். தோல் சூடேறி இறுக இறுக ஒலி உயரும். விரலால் தட்டிப் பார்த்து மறுபடியும் அனலில் காட்டுவார்கள். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்களும் தத்தம் சுதிக்கு வந்த பிறகே எழுந்து போவார்கள். வில்லுப்பாட்டில் கதை நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சாமி வரவேண்டிய கட்டத்தில் முதன்மைப் பாடகரான புலவர் வரத்துப்பாட்டுக்கு மாறுவார். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலின் வேகமும் மாறும். எந்த அடியில் மாறினார், யாரைப் பார்த்துக்கொண்டே மாறினார் என்பதைக் குறித்து வரும் மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவேன்.

ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் குடும்பவாரியாகக் கொடுத்த தலைக்கட்டு வரியின் பட்டியலையும் விட்டுவிடக் கூடாது. யார் பெயர் முதலில் வருகிறது, மும்பையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் எந்த இடத்தில் வருகிறார்கள், கட்டிக்கொடுத்த பெண்மக்களின் பெயர் வருகிறதா, திருநீறு முதலில் யார் கைக்குப் போகிறது: ஓர் ஊரின் உறவுக் கணக்கு முழுவதும் அதில் இருக்கும்.

சாமக்கொடை நள்ளிரவில் நடப்பதால் மாணவியர் விடுதி நேரத்தோடு மோதும். “மாணவியர் வர வேண்டாம்” என்று எளிதாக முடித்துவிடும் துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள். அப்படி முடித்தால் வகுப்பின் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் மையத்தையே இழக்கிறார்கள். பெண் ஆசிரியர் ஒருவர் உடன் வருவது, பெற்றோர் ஒப்புதல், கல்லூரிப் பேருந்து, ஊரில் தங்க ஒரு வீடு ஆகியவற்றை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். இயலாதவருக்கு மதியக்கொடையைக் களமாகக் கொடுக்கலாம். கிடாவெட்டையோ, கணியான் கையைக் கீறி இரத்தம் தரும் சடங்கையோ பார்க்க விரும்பாத மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

காரையாறு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வனத்துறைச் சோதனைச்சாவடியின் நேர விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

இது மதப் பாடம் என்று ஆட்சேபம் வந்தால்?

வரும். இரு திசையிலிருந்தும் வரும்: சாமியை ஆராய்ச்சி செய்கிறீர்களா என்பது ஒன்று, மூடநம்பிக்கையைப் பாடமாக்குகிறீர்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை பாடத்தின் நோக்கத்தில் இருக்க வேண்டும். வழிபாட்டைப் போதிப்பதோ பழிப்பதோ நம் வேலையில்லை. மனிதர்கள் அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதைப் படிக்கிறோம். கிறித்தவ நிறுவனமான பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் வளர்ந்து, இவ்வட்டாரத்துக் கொடைகளையும் கதைப்பாடல்களையும் ஆராய்ந்திருக்கின்றன என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான ஆட்சேபங்கள் தணியும்.

ஆட்சேபத்தையே பாடத்தின் ஒரு வாரமாக்கியும் விடலாம். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முயன்றது. எதிர்ப்பு எழுந்தபின் 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அரசும் குலதெய்வமும் நேருக்கு நேர் நின்ற அந்தச் சில மாதங்களை, கொடை நடத்துகிற பெரியவர்களிடமே மாணவர்கள் விசாரித்து எழுதலாம்.

குலதெய்வம் என்றாலே சாதி வருமே? வகுப்பில் சச்சரவு ஆகாதா?

இந்த ஐயம் பொய்யானதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டதும் நம் மாணவர்கள் எல்லாரும் அறிந்தவை. அப்படியிருக்க, சாதியைப் பேசாமல் நெல்லைப் பண்பாட்டைப் பேசுவது மாணவர்களுக்கே கேலியாகத் தோன்றும்.

நடைமுறையில் சில ஏற்பாடுகள் உதவுகின்றன. எந்த மாணவரையும் “உங்கள் குலதெய்வம் எது?” என்று வகுப்பில் கேட்கக் கூடாது, அது சாதியைக் கேட்பதற்குச் சமம். தம் சொந்தக் கோயிலைக் களமாக எடுக்க விரும்புவோர் எடுக்கலாம், ஆனால் வேற்றூர் மாணவர் ஒருவரோடு இணையாகச் செல்ல வேண்டும். எந்த ஊரிலும் வேறு சாதி மாணவர் கோயிலுக்குள் வரக் கூடாது என்று சொன்னால் அந்த ஊர் நம் களமாக இருக்க முடியாது. பயணத்துக்கு முன்பே இதை விசாரித்துவிடுவது ஆசிரியரின் பொறுப்பு, மாணவர் வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது.

தேர்வை எப்படி வைப்பது?

வழக்கமான 25 அகமதிப்பீடு, 75 எழுத்துத் தேர்வு என்ற விகிதத்தில் இப்பாடம் மூன்றே ஆண்டில் கைடு புத்தகப் பாடமாகிவிடும். எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக ஆய்வறிக்கையும் வாய்மொழித் தேர்வும் என்று முன்மொழியுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இதை விரும்பாது. திட்டப்பணிப் பாடங்களுக்கு ஏற்கெனவே உள்ள விதியையே இதற்கும் பொருத்தக் கேட்டால் புதிய விதி எழுத வேண்டிய தேவை எழாது. எழுத்துத் தேர்வு வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்தால் அதற்குப் பாதி என்று 50:50 வரை இறங்கலாம், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

வகுப்பும் களக்குறிப்பும் தமிழில். அறிக்கையை மாணவர் விருப்பம்போல் எழுதலாம். பேசியவரின் பேச்சை மட்டும் நெல்லை வழக்கிலேயே, திருத்தாமல் எழுத வேண்டும். “ஏல, அன்னைக்கு சாமி வந்து நின்னுச்சி பாத்துக்கோ” என்று பெரியவர் சொன்னதை “அன்று தெய்வம் எழுந்தருளியது” என்று மாற்றி எழுதிவரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அது சான்றைச் சிதைப்பது.

தமிழ்த்துறையில் ஏற்கெனவே நாட்டுப்புறவியல் தாள் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டால்?

இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, எந்த அலகும் திரும்ப வரவில்லை என்று காட்டுங்கள். தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரை இணை ஆசிரியராகச் சேர்ப்பது இன்னும் நல்லது.

எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம்?

பதினைந்துக்கு மேல் வேண்டாம். ஒரு கொடைக்கு ஐம்பது பேர் போய் இறங்கினால் ஊர்க்காரர்கள் நம்மைப் பார்க்க வந்துவிடுவார்கள். மதிப்பெண் வரம்போடு ஒரு பக்க விருப்பக் கடிதமும் கேளுங்கள். மதிப்பெண் குறைந்தும் கடிதம் நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்ளத் துறைக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிற்பாடு கேட்டால் கிடைக்காது.

எந்தப் பருவத்தில் நடத்துவது, எப்போது விண்ணப்பிப்பது?

ஒற்றைப்படைப் பருவத்தில் நடத்துங்கள். ஆடி, ஆவணிக் கொடைகளும் புரட்டாசியை ஒட்டிய குலசேகரன்பட்டினம் தசராவும் அதற்குள் வந்துவிடும். இரட்டைப்படைப் பருவத்தில் பங்குனி உத்திரத்துச் சாஸ்தா வழிபாடு கிடைக்கும், ஆனால் அது தேர்வுக் காலத்தை ஒட்டி வரும். சித்திரை, வைகாசிக் கொடைகள் விடுமுறையில் போய்விடும். எனவே முன்மொழிவு முந்தைய பருவத்துப் பாடத்திட்டக் குழுவுக்கே போயிருக்க வேண்டும். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடும் ஆடி அமாவாசை, வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடும். மாணவர் பட்டியல் கைக்கு வந்தபின் அனுமதி கேட்கலாம் என்று காத்திருந்தால் நேரம் போதாது. வனத்துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் கடிதங்களை மே மாதத்திலேயே, எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட்டு, முதல்வர் கையொப்பத்தோடு அனுப்பிவிடுங்கள்.